அடிபம்புத் தெருவும் எங்கள் குழு நோட்டும்

பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற நம் சகோதரிகளில் சிலராவது அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி, உச்சி கூராக, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பழைய தூண் அது. கோயில் தூணும் இல்லை, சமாதியும் இல்லை. 1773ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நட்ட 13 எல்லைத் தூண்களில் மிஞ்சி நிற்பது. இந்தத் தூணுக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவில் யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்காக நட்ட அடையாளம்.

வீடு கட்டக்கூடாது என்று சொன்ன அந்த இடத்தில் அதற்கு முன்பு ஒரு ஊரே இருந்தது. நெசவாளர்கள், துணிக்குச் சாயம் போடுகிறவர்கள், வியாபாரிகள், துபாஷிகள் என்று கம்பெனியை நம்பி வந்து குடியேறிய நம் ஜனங்கள் அங்கே இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் பட்டணம் என்றார்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தார்கள். 1749ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அடுத்த பத்து வருஷத்தில் மிச்சமிருந்ததை அவர்கள் இடித்தார்கள். எதிரிப் படை வீடுகளின் மறைவில் நின்று கோட்டையைச் சுடக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். 1757ல் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் இடித்தார்கள். கோயிலுக்கு மாற்றாக வேறு இடத்தில் நிலம் கொடுத்தார்கள். பூக்கடை பக்கம் தேவராச முதலி தெருவில் இருக்கிற பட்டணம் கோயில் அப்படி வந்ததுதான். காலி செய்த இடம் மைதானமாகக் கிடந்து, 1892ல் அதன்மேல் உயர் நீதிமன்றம் வந்தது.

கோட்டை இருக்கிறது, கோயில் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. அந்தப் பட்டணத்தின் ஒரு தெருவில் எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு இருந்தது, எந்த அம்மா யாருக்குக் கைமாற்று கொடுத்தாள் என்பதெல்லாம் நம் கைக்கு வந்து சேரவில்லை. சென்னை தன் தெருக்களை இடிக்கத் தொடங்கியது இன்று நேற்றல்ல என்று சொல்வதற்காகத்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இடித்தபின் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதற்கும் அந்தக் கல்லே சாட்சி.

அந்தக் கல்லிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் தெருவும் இருந்தது.

கரையோரத்து ஊர்

தீவுத்திடல் பக்கம், கூவத்துக் கரையில், சத்தியவாணி முத்து நகர். சென்ட்ரல் ஸ்டேஷனும் ஜி.எச்.சும் நடந்து போகிற தூரம். பேர் மட்டும் பெரிய பேர். 1923ல் பிறந்து 1999ல் மறைந்த சத்தியவாணி முத்து அம்மையார் தமிழ்நாட்டில் அமைச்சராக இருந்தவர். 1974ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனியாகக் கட்சி கண்டவர். 1979ல் சரண்சிங் ஆட்சியில் மத்திய அமைச்சரும் ஆனார். அவர் பேரை வைத்துக்கொண்ட எங்கள் ஊரில் ஓட்டு அட்டை, ரேஷன் அட்டை, பள்ளிக்கூடத்து டி.சி. எல்லாவற்றிலும் அந்தப் பேர்தான் இருந்தது. உள்ளே இருந்த சந்துகளுக்குப் பலகை கிடையாது. எங்கள் சந்தின் நடுவில் ஒரு அடிபம்பு இருந்ததால் அடிபம்புத் தெரு என்போம். தபால்காரருக்கும் அப்படிச் சொன்னால்தான் தெரியும்.

சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970ல் தொடங்கப்பட்டது. 1971ல் அதற்கான சட்டம் வந்தது. முதலில் கட்டிய அடுக்கு வீடுகள் பல, மக்கள் ஏற்கெனவே குடியிருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே எழும்பின. மெரினா பக்கம் நொச்சிக்குப்பத்துப் பழைய வீடுகள் அந்தக் காலத்தவை. குடிசை போனாலும் கடல் போகவில்லை. மீன்காரர்கள் மீன்காரர்களாகவே இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் வந்தபோது நிலைமை மாறியது. அதற்குப் பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு நம் பெரும்பாக்கம். ஊர் நடுவில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே மொத்தமாகக் கொண்டுவந்து வைக்கிற முறை அது. வாரியத்தின் பேரும் 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது.

தெருவில் இருந்தவர்கள்

பேர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பேரையும் நான் எழுதவில்லை. தொழிலைச் சொன்னாலே நம்ம ஆட்களுக்கு ஆள் தெரிந்துவிடும்.

முதல் வீடு இட்லிக்கார ஆயா. விடியற்காலை 3 மணிக்கு அடுப்பு மூட்டுவார். 6 மணிக்கு அலுமினிய அன்னக்கூடையோடு ஜி.எச். வாசலில் இருப்பார். உள்ளே படுத்திருக்கிற நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. கூட வந்து நடைபாதையில் படுத்திருக்கிறவர்களுக்கு யார் கொடுப்பார்கள்? விழுப்புரத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்தவர்களுக்கு ஆயாவின் இட்லிதான். நோயாளிக்கு வெந்நீர் வேண்டும் என்றால் ஒரு பேரன் ஓடிவந்து வாங்கிப் போவான். காசு இல்லாதவர்களிடம் ஆயா கேட்டதில்லை. ஆனால் கணக்கு மட்டும் மனசில் வைத்திருப்பார். "அந்த ஆரணிக்காரரு 40 ரூவா தரணும்" என்று இரண்டு வருஷம் கழித்துச் சொல்வார்.

அடுத்த வீடு பூக்கார அக்கா. 4 மணிக்குப் பத்ரியன் தெருவுக்கு நடந்தே போய் உதிரி மல்லி வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து கட்டுவார். கட்டுகிறபோது பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் கையிலும் நார் ஏறிவிடும். பேசிக்கொண்டே நாலு முழம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

போர்ட்டர் வீட்டு அண்ணி, சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டிலிருந்து கூடை எடுத்து வேப்பேரி, பெரியமேடு பக்கம் விற்கிற மீன்கார அம்மா, எழும்பூரில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தவர், ஸ்டேஷனில் காண்ட்ராக்டில் பெருக்கியவர், மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்றவரின் மருமகள் என்று வீடுகள் வரிசையாக இருந்தன. மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தபோது அந்த மாமனார் மூட்டையில் அள்ளியது போக மிச்சமெல்லாம் சாம்பல் என்பார் அந்த மருமகள். பிறகு அல்லிக்குளம் பக்கம் கடை. எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அவர் கொண்டுவந்த அட்டை கிழிந்த புத்தகத்தில்தான் படித்தார்கள்.

ஜனவரி வந்தால் தீவுத்திடலில் பொருட்காட்சி. அந்த நாட்களில் தெருவில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். துப்புரவு வேலை, டிக்கெட் கிழிக்கிற வேலை, மிளகாய் பஜ்ஜி, அப்பளம், பஞ்சுமிட்டாய். தீபாவளிக்கு முன்னால் பட்டாசுக் கடைகள் வரும். அதிலும் மூட்டை தூக்க, காவலிருக்க ஆள் வேண்டும். அந்த வருமானம் வந்தால்தான் பள்ளிக்கூடத்துச் செலவு நேரும்.

ரொம்ப நல்ல இடம் என்று நான் சொல்ல வரவில்லை. கூவத்தின் நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். கொசு வலைக்குள்ளேயும் கொசு இருக்கும். கழிப்பறைக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்பவேண்டும். வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிற தாய் அதற்காகவே தூங்க மாட்டாள். ஒரு வீட்டில் அடுப்பு சாய்ந்தால் பத்து வீட்டுக்குப் பயம். மழை என்றால் நகை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் புத்தகம் மூன்றையும் முதலில் பரண்மேல் ஏற்றுவோம். இவ்வளவும் இருந்தும் அங்கே இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் பிழைப்பு எல்லாம் கால்நடை தூரத்தில் இருந்தது. பஸ் காசு என்று ஒரு செலவு இருப்பதே எங்கள் வீட்டுக் கணக்கில் கிடையாது.

நோட்டில் இருப்பது

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. 1992ல் நபார்டு வங்கி, குழுக்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கிற இணைப்பைக் கொண்டுவந்தது. அது நகரத்துக்கு வந்து, எங்கள் தெருவுக்கும் வந்தபோது 14 பேர் சேர்ந்தோம். எனக்கு எழுதப் படிக்க வரும் என்பதால் ஊக்குநராகப் போட்டார்கள். அன்றிலிருந்து தீர்மான நோட்டு, சந்தா நோட்டு, உள்கடன் நோட்டு மூன்றும் என் வீட்டுப் பெட்டியில்.

குழு வருவதற்கு முன்னால் தெருவில் கடன் என்றால் தண்டல்தான். 10,000 ரூபாய் கேட்டால் 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். மழைக்காகவோ பண்டிகைக்காகவோ ஒரு நாளும் நிற்காது. குழுவில் 100க்கு மாசம் 2 ரூபாய் வட்டி. அந்த வட்டியும் எங்களுக்கேதான் திரும்பி வரும். தண்டல்காரர் பைக் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிற பழக்கம் எங்கள் தெருவை விட்டுப் போக நாலைந்து வருஷம் ஆனது.

இப்போது அந்த நோட்டுகளைப் புரட்டினால் கடன் கணக்காக மட்டும் தெரியவில்லை. தெருவின் சரித்திரமே அதில் இருக்கிறது. யார் வீட்டுக்கு எப்போது ஷீட் போட்டார்கள் என்பது இருக்கிறது. யார் பெண்ணுக்குச் சீர், யார் பிள்ளைக்கு பாலிடெக்னிக் ஃபீஸ், யார் கணவருக்கு மஞ்சள் காமாலை, எல்லாம் தேதியோடு இருக்கிறது. மீன்கார அம்மா ஆறு தடவை கடன் வாங்கியிருக்கிறார். ஆறும் கூடைக்கும் ஐஸ்பெட்டிக்கும். ஏழாவது கடன் மகளை நர்சிங் சேர்க்க. அந்த வரிக்கு நேராக அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்திருந்த எல்லாரும் கையெழுத்து வைத்திருக்கிறோம்.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது பெட்டியோடு நனைந்தது. இரண்டாம் நாள் நோட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாக வெயிலில் காயவைத்தோம். பால்பாயிண்ட் பேனாவில் போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது. கைநாட்டு வைத்தவர்களுடைய மை மட்டும் கரைந்து ஊதாத் திட்டாகப் போய்விட்டது. இட்லிக்கார ஆயா அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரு பேரும் கீது, என்துதான் தண்ணில பூட்ச்சா?" என்று கேட்டார். அடுத்த கூட்டத்திலிருந்து ஆயாவும் இன்னும் இரண்டு பேரும் பேர் எழுதப் பழகினார்கள். புத்தகக்கடை மருமகள்தான் டீச்சர். ஆயாவுக்கு அப்போது 60 வயதுக்கு மேல். மூன்று மாதத்தில் முழுப்பேரையும் எழுதினார். எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், ஒருவர் கையெழுத்தே மூன்று வரியை அடைக்கும்.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருவர் அரிசிப் பானையிலிருந்தும், ஒருவர் சாமிபடத்துக்குப் பின்னாலிருந்தும், ஒருவர் தலையணை உறையிலிருந்தும் பணத்தை எடுத்துவந்தார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்த்தது. வேறு வழியில்லாமல் வீட்டில் சொன்னார்கள். இரண்டு வீட்டில் அடி உதை வரைக்கும் போனது. அந்தச் சண்டையைத் தீர்க்கக் குழு போய் உட்கார்ந்ததும் தீர்மான நோட்டில் இருக்கிறது. வேறு எந்த ஆவணத்திலும் அது இருக்காது.

2019 டிசம்பர்

கூவத்தைச் சீரமைக்கிற திட்டத்துக்காகக் கரையில் இருக்கிறவர்களை அகற்றப்போகிறார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. அதிகாரிகள் வந்து கணக்கெடுத்தார்கள், கைரேகை எடுத்தார்கள், கதவில் நம்பர் எழுதினார்கள். 2019 டிசம்பர் கடைசி வாரத்தில் இடிக்கத் தொடங்கினார்கள். சத்தியவாணி முத்து நகரில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். பள்ளிக்கூட வருஷம் பாதியில் இருந்தது. பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை மூன்றே மாதத்தில்.

முதல் நாள் எங்கள் சந்துக்கு இயந்திரம் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அடிபம்பு பக்கத்தில் அவசரக் கூட்டம் போட்டோம். எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். குழுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதா, வைத்துக்கொள்வதா? பிரிக்கலாம் என்பதற்கு நியாயம் இருந்தது. எந்த பிளாக்கில் யாருக்கு வீடு விழும் என்று தெரியாது. வண்டிக் கூலி வேண்டும், பாத்திரம் பண்டம் வாங்கவேண்டும், இரண்டு பேருக்கு வீடு கிடைக்குமா என்பதே தெரியவில்லை. பூக்கார அக்கா, "பிரிச்சிட்டா நாளைக்கு யாரு யார தேடப் போறோம்?" என்று கேட்டார். ஆயா, "எனுக்கு ஆயிரம் ரூவா வந்தா அது ரெண்டு நாள் செலவு. நீங்கல்லாம் வந்தா அது வேற" என்றார். பிரிப்பதில்லை என்று முடிவானது. 14 பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பக்கத்தில் கைநாட்டு ஒன்றுகூட இல்லை.

அதுதான் அந்தத் தெருவில் எழுதிய கடைசித் தீர்மானம். மூன்றாம் நாள் எங்கள் வீடுகள் போயின. கதவு, ஜன்னல், ஷீட், கழற்ற முடிந்ததைக் கழற்றி வண்டியில் ஏற்றினோம். சந்து முனையிலிருந்த அம்மனை மஞ்சள் துணியில் சுற்றி, மீன்கார அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அடிபம்பைக் கழற்ற நேரமில்லை.

வீடும் தெருவும்

பெரும்பாக்கம் சென்ட்ரலிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். எட்டு மாடி. உள்ளேயே கழிப்பறை, குழாய், கதவுக்குத் தாழ்ப்பாள். பெண் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் தாழ்ப்பாள் எவ்வளவு பெரிசு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் குலுக்கலில் வீடு விழுந்ததால் 14 பேரில் 10 பேர் ஆறு பிளாக்குகளில் சிதறினோம். மற்ற 4 பேர் ஊருக்குள்ளேயே வாடகைக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போனார்கள். ஆயாவுக்கு ஏழாவது மாடி. லிஃப்ட் நின்றால் அன்றைக்கு ஆயா கீழே வரமாட்டார். இட்லி விற்க ஜி.எச். வாசல் இல்லை. வராந்தாவில் நின்று கீழே பார்த்துக்கொண்டு, "வூடு குடுத்தாங்க, தெருவ குடுக்கல" என்பார்.

அதில் கணக்கு இருக்கிறது. பூக்கார அக்கா 4 மணிக்கு நடந்துபோன இடத்துக்கு இப்போது முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். போய்ச் சேர்வதற்குள் நல்ல பூ விற்றுப்போயிருக்கும். வீட்டு வேலைக்குப் போனவர் மூன்று வீட்டில் இரண்டை விட்டார். மிஞ்சின வீட்டுச் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்குப் போனது. 2021 மே மாதம் சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்த பிறகுதான் அந்தப் பாதி கைக்குத் திரும்பியது. பணம் திரும்பினாலும், காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் திரும்பவில்லை. கூட்டத்துக்கு வர நேரமில்லை என்று பெண்கள் சொல்வது அதனால்தான்.

வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்கு. புது இடம், யாரையும் தெரியாது, வேலை இல்லை. கடையில் கடன் சொல்ல முகம் பழகவில்லை. பழைய தெருவில் என்றால் சேட்டு கடையில் எழுதிவைத்து வாங்கிக்கொள்ளலாம். அப்போதுதான் பிரிக்காமல் வைத்த குழுப் பணம் வெளியே வந்தது. ஆளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய். பத்து வீட்டுக்கும் பிளாக் பிளாக்காகக் கொண்டுபோய் வைத்தோம். ஊருக்குள் இருந்த 4 பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்தவர்கள் மூலமாக அனுப்பினோம். மற்ற இரண்டு பேரின் போன் நம்பர் மாறிவிட்டிருந்தது. ஒருவரை 2022ல் கண்டுபிடித்தோம். இன்னொருவரைக் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் சந்தா கணக்கு இன்னும் நோட்டில் திறந்தே இருக்கிறது.

வீடு கிடைக்குமா என்று சந்தேகமாக இருந்த இரண்டு பேரில் ஒருவர் கணவரை இழந்தவர். கணக்கெடுக்க வந்த நாளில் வேலைக்குப் போயிருந்ததால் பட்டியலில் பேர் விட்டுப்போனது. அங்கே குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். ஓட்டு அட்டையோடு, கூரை மாற்ற அவர் வாங்கிய உள்கடன் எழுதியிருந்த பக்கத்தையும், பாஸ் புக்கையும் நகலெடுத்துச் சேர்த்துக் கொடுத்தோம். பல மாதம் அலைந்த பிறகு வீடு கிடைத்தது. நோட்டினால் மட்டும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா அந்தத் தெருவில் எத்தனை வருஷம் இருந்தார் என்பதைத் தேதி போட்டுச் சொன்னது அந்த நோட்டு ஒன்றுதான்.

ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் இங்கே கொண்டுவந்தோம் என்று சொன்னதையும் நினைத்துக்கொள்வேன். பெரும்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். 2022ல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழே தண்ணீர் நின்றது. மேல் மாடியிலிருந்து பால் வாங்கக்கூட இறங்க முடியவில்லை. அந்த நாட்களில் எந்த பிளாக்கில் கைக்குழந்தை இருக்கிறது, எங்கே சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்று சொன்னவர்கள் நம் குழுப் பெண்கள். வீடு வீடாகத் தெரிந்து வைத்திருக்கிற அந்தப் பழக்கம் பழைய தெருவில் வந்தது.

பழைய தெருப் பதிவேடு

நம் கூட்டமைப்பில் இன்றைக்கு இருக்கிற குழுக்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல. கூவக்கரை, அடையாற்றங்கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை என்று பல இடம். ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் ஒரு இடிந்த தெரு இருக்கிறது. அந்தத் தெருக்களில் பலவற்றுக்குப் பலகை இருந்ததில்லை, வரைபடத்தில் பேரும் இல்லை. நம் பிள்ளைகளிடம் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டால் பிளாக் நம்பரைச் சொல்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் அவர்களுடைய பாட்டி சென்ட்ரல் ஸ்டேஷனையும் ஜி.எச்.சையும் நடத்திக்கொண்டிருந்த கைகளில் ஒன்று என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். ஊரை அழுக்காக்கியவர்கள் என்று யாராவது சொன்னால், ஊரைக் கூட்டிப் பெருக்கியவர்கள் யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்கவேண்டும்.

இட்லிக்கார ஆயா போன வருஷம் காலமானார். அவர் மனசில் இருந்த கணக்கெல்லாம் அவரோடு போய்விட்டது. அவருடைய கையெழுத்து மட்டும் இருக்கிறது, ஒன்றுக்கு மூன்று வரி வீதம்.

அதனால் கூட்டமைப்புக் கூட்டத்தில் நான் வைத்த கோரிக்கையை இந்த மலரிலும் வைக்கிறேன். நாம் ஒரு பழைய தெருப் பதிவேடு ஆரம்பிக்கவேண்டும். பெரிய செலவு இல்லை, ஒரு நீளமான நோட்டு போதும். ஒவ்வொரு குழுவுக்கும் பத்துப் பக்கம். எழுதவேண்டியவை இவை:

தெருவுக்கு நாம் வைத்துக்கொண்ட பேர் என்ன, ஏன் அந்தப் பேர். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை யார் யார் இருந்தார்கள். பேர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் தொழிலைச் சொன்னால் போதும். வேலைக்கு எங்கே போனார்கள், எவ்வளவு தூரம், நடையா பஸ்ஸா. தண்ணீர் எங்கே எடுத்தோம். எந்தச் சாமி, எந்த மரம், எந்தப் பள்ளிக்கூடம். எந்த வருஷம் வெள்ளம், எந்த வருஷம் தீ. எந்த தேதியில் காலி செய்தோம், யார் எங்கே போனார்கள். இடத்தின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே எழுதவேண்டும். நாற்றத்தை விட்டுவிட்டு எழுதினால் படிக்கிற பேத்தி நம்ப மாட்டாள்.

பழைய தீர்மான நோட்டு, உள்கடன் நோட்டு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. குழு கலைந்துபோயிருந்தாலும் கொண்டுவாருங்கள். கலைந்த குழுவின் நோட்டுதான் முதலில் வேண்டும், ஏனென்றால் அதைத் தேட இனி யாரும் இருக்க மாட்டார்கள். நகலெடுத்துவிட்டு அசலை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

அடிபம்புத் தெருவின் பத்துப் பக்கத்தை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். நாலாவது வீட்டுக்கும் ஐந்தாவது வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம் இருந்ததா, இல்லை அது ஆறாவது வீட்டுக்குப் பின்னாலா என்பதில் மீன்கார அம்மாவுக்கும் போர்ட்டர் வீட்டு அண்ணிக்கும் இன்னும் தகராறு. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். அங்கே இருந்த வேறு யாராவது இதைப் படித்தால் வந்து சொல்லுங்கள். எழுத வராது என்று தயங்க வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். கடைசியில் கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், பால்பாயிண்ட் பேனாவில்.